நான்காம் எண் சட்டை

வடக்கு வாசலில், அவித்த வேர்க்கடலை விற்பவனுக்கும்
ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்துக்கும் நடுவே என் கடை.
கடை என்றால் ஒரு மேசை, ஒரு குடை,
கம்பத்திலிருந்து கேட்காமல் எடுத்த மின்சாரம்,
சட்டையில் பெயர் ஒட்டும் சூட்டு இயந்திரம்.
ரெசிஃபேயில் இன்று யாருக்கு மவுசு என்பது
செய்தித்தாளுக்கு முன்னால் எனக்குத் தெரியும்.
எவன் எழுத்து முதலில் தீர்கிறதோ, அவனுக்கு.

தடுப்பாட்டக்காரன் பெயரை யாரும் கேட்பதில்லை.
ஒன்பது போகும். பத்து போகும்.
ஏழைக் கோணலாக ஒட்டிக் கொடுத்தாலும் போகும்.
நான்கு மட்டும் அட்டைப் பெட்டியின் அடியில்
எலிகூடச் சீண்டாமல் கிடக்கும்.

எடெர்வால் பதினெட்டு வயதில் முதன்முதலாக இறங்கிய வாரம்
ஒரே ஒரு சட்டை.
வாங்கியவள் கையில் மீன் வாடை.
ஐந்து ரெயால் குறை என்றாள். முடியாது என்றேன்.
எழுத்துக்கு இவ்வளவு என்று கணக்குச் சொன்னேன்.
"ஏழெழுத்து. சின்னதாக வைத்திருக்கலாம்"
என்று முணுமுணுத்தபடி சில்லறையை எண்ணினாள்.
பெயர் வைத்தவளே அவள்தான் என்று
கடலைக்காரன் சொல்வதற்குள் பேருந்து ஏறிவிட்டாள்.

பிறகு அந்த மழை.
எண்பத்தொன்பதாம் நிமிடம். கோல்காப்பாளர் எங்கோ சேற்றில் கிடக்க,
காலியான வலைக்கும் பந்துக்கும் நடுவே
அவன் முகத்தைக் கொடுத்தான்.
"கால் எட்டவில்லை, வேறென்ன செய்வது?"
அப்படித்தான் பேட்டியில் சொன்னான்,
ரத்தத்தைத் துப்பிவிட்டு, முன்பல் ஒன்று இல்லாமல்,
சிரித்துக்கொண்டே.

அந்தச் சிரிப்பு விற்றது.
ஒரே இரவில் அறுபத்திரண்டு சட்டை.
அவன் பெயரில் இருமுறை வரும் அந்த எழுத்து தீர்ந்துபோய்
மூன்றாம் எண்ணைத் தலைகீழாக்கி ஒட்டினேன்.
யாரும் கவனிக்கவில்லை.
பையன்கள் முன்பல்லில் கறுப்பு மை பூசித் திரிந்தார்கள்.
பற்பசைக் கம்பெனி ஒன்று அவனைப் பிடித்தது,
முதல் வேலையாகப் பல்லைக் கட்டிவிட்டது.
பாலத்தருகே விளம்பரப் பலகையில்
முப்பத்திரண்டும் தெரிய நின்றான்.
மூன்று நாள் அதன் கீழேயே போய் வந்தேன்,
யாரென்று தெரியாமல்.

இறுதி ஆட்டம். கூடுதல் நேரம்.
எதிரணிக்காரன் சட்டையில் ஒரு விரற்கடைத் துணியைப்
பிடித்து இழுத்தான்.
தடுப்பாட்டக்காரன் பிழைப்பே துணி பிடிப்பதுதான்;
அன்று நடுவர் பார்த்துவிட்டார், அவ்வளவே.
பெனால்டி.

மறுநாள் என் மேசை முன் வரிசை. வாங்க அல்ல.
"பெயரை உரித்துத் தர முடியுமா?"
முடியும். சூடு காட்டி, நுனியைக் கிள்ளி இழுத்தால் வரும்.
ஆனால் வெயிலில் வெளுத்த துணியில்
எழுத்து இருந்த இடம் மட்டும் புதுப் பச்சையாக நிற்கும்.
முன்பைவிடத் தெளிவாக வாசிக்கலாம்.
ஒருவன் அதற்கும் என்னைத் திட்டினான்.
உரிக்க மூன்று ரெயால் வாங்கினேன். மறைப்பானேன்,
அந்த மாத வாடகை உரித்த காசில்தான் போனது.

ஜனவரியில் போர்ச்சுகலின் வடக்கே ஏதோ ஊருக்கு விற்றார்கள்.
எதிர் மதுக்கடை டிவியில் ஞாயிறுகளில் தேடுவேன்:
மாற்று வீரர் பெஞ்சில், காதுவரை கம்பளி,
வாயிலிருந்து புகை.
ஒருமுறை பதினொரு நிமிடம் ஆடினான்.
மூன்று தடவை பந்தைக் கூட்டத்துக்குள் ஓங்கி உதைத்தான்.
ஒன்றும் நடக்கவில்லை.
நடக்காமல் போனதை
யாரும் மெதுவாக ஓட்டிக் காட்டுவதில்லை.

நேற்று அவள் வந்தாள். அதே மீன் வாடை.
வெறும் பச்சைச் சட்டை ஒன்றை மேசையில் விரித்தாள்.
"நான்கு. பெயரும்."
கொஞ்சம் நிறுத்தி,
"இப்போது விலை இறங்கியிருக்குமே?"

எழுத்துக்கு அதே விலை என்றேன்.
ஐந்து ரெயால் குறை என்றாள்.

பெட்டியில் அந்த எழுத்து ஏராளம் மிச்சம்.
மூன்றில் செய்யாதவையாக இரண்டைத் தேடி எடுத்தேன்.
இயந்திரத்தை இறக்கிக் கைப்பிடியை அழுத்தி
இருவரும் ஒன்றும் பேசாமல்
பதினைந்து வரை எண்ணினோம்.